அத்தியாயம் 17: இருபத்து மூன்று நாள்

மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையே பதினெட்டுப் படிகள். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தப் படிகளில் ஏறி இறங்கியது பாப்பா ஒருத்திதான்.

செருப்புச் சண்டை இன்னும் ஆறவில்லை. மகளின் பதினைந்தாவது பிறந்தநாளுக்கு மூத்தவள் மூன்று கடை ஏறி இறங்கி ஒரு ஜோடி செருப்பு வாங்கி வைத்திருந்தாள். பாப்பாவோ சித்தி வாங்கித் தந்த வெள்ளை ஷூவை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். போன வாரம் அந்த வாசலில்தான் நாம் மூத்தவளை விட்டுவிட்டு வந்தோம். கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கும் பாப்பாவின் அப்பா, போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு பொண்ணுக்கு ரெண்டு ஜோடி. லாபம்தானே?" என்று சிரித்தார். அன்றிலிருந்து அவரிடமும் அவள் அளந்துதான் பேசுகிறாள்.

செருப்பா பெரிய விஷயம்? இல்லை. சின்னவள்தான் விஷயம்.

சின்னவள் இவளுடைய கொழுந்தன் மனைவி. மூன்று வருஷம் முன்புவரை, "அக்கா, காப்பித்தூள் கொஞ்சம் இருக்குமா?" என்று டம்ளரோடு மாடியேறி வந்தவள். ஒருநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் நகராட்சி வாசலில் உட்கார்ந்தாள். பத்திரிகையில் படம் வந்தது. படத்தைப் பார்த்துக் கட்சிக்காரர்கள் வந்தார்கள். போன தேர்தலில் நாடாளுமன்றத்துக்கே போய்விட்டாள்.

அதே நாடாளுமன்றத்துக்கு மூத்தவள் பத்தொன்பது வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். அவளுக்காக அங்கே யாரும் ஒருநாளும் மேஜையைத் தட்டியதில்லை.

அவள் அவைக் குறிப்பாளர். சபாநாயகர் இருக்கைக்குக் கீழே ஒரு நீள மேஜை. அங்கே உட்கார்ந்து, யார் என்ன பேசினாலும் பேசியபடி சுருக்கெழுத்தில் எழுதவேண்டும். ஒருவருக்குப் பத்து நிமிடம். ஒன்பதாவது நிமிடத்தில் அடுத்தவர் வந்து பக்கத்தில் உட்காருவார். பத்தானதும் இவர் எழுந்து போய், தன் பங்கை முழு எழுத்தில் தட்டச்சு செய்து கொடுக்கவேண்டும். சிரிக்கக் கூடாது. தலையாட்டக் கூடாது. கைப்பேசியை வெளியே மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளேயே போகமுடியும்.

அன்றைக்கு விவாதம், பொதுச் சேவைகளும் பள்ளி வருகையும் பற்றி. பேசுவோர் பட்டியலில் சின்னவள் பெயர் ஆறாவதாக இருந்தது. இதுவரை ஒற்றை வரிக் கேள்விகளோடு நிறுத்திக்கொண்டவள், முழுதாக எழுந்து நின்று பேசப்போவது இன்றுதான்.

"உங்க முறை பதினொன்றரைக்குத்தானேம்மா?" என்றார் தலைமைக் குறிப்பாளர். அலுவலகத்தில் அவருக்குக் 'காது' என்று பெயர். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் பேசுவதும் அவருக்குக் கேட்கும் என்பது எல்லோருடைய நம்பிக்கை.

"பதினொன்று பத்தை நான் எடுத்துக்கறேன் சார். அந்த முறைக்காரம்மாவுக்குப் பல்வலியாம்."

"அவங்களுக்குப் பல்வலி. உங்களுக்கு என்ன வலி?"

மூத்தவள் இரண்டு பென்சில்களைச் சீவி முடித்தாள். "சேவைதான் சார்" என்றாள் கடைசியில்.

காது சிரித்துவிட்டு, முறை அட்டவணையில் பெயரை மாற்றினார்.

உண்மை என்னவென்று நமக்குத் தெரியவேண்டுமே. சின்னவள் திக்குவாள். புள்ளிவிவரத்தில் தடுமாறுவாள். 'வந்து... வந்து...' என்று இழுப்பாள். அது அத்தனையும் தன் பென்சிலில் ஏறவேண்டும். இந்த அற்ப ஆசைக்காகத்தான் மூத்தவள் அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்கினாள்.

பதினொன்று பத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அவை பாதி காலி. பின்வரிசையில் ஒருவர் கண்ணை மூடி நாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். அமைச்சர் கன்னத்தில் கைவைத்துக் காகிதம் புரட்டினார்.

சின்னவள் எழுந்தாள். திக்கவில்லை.

"பள்ளிகளில் பிள்ளைகளின் வருகை தொண்ணூற்றொரு சதவீதம் என்கிறார் அமைச்சர். மிச்சம் ஒன்பது சதவீதம் யார் என்று நான் கேட்கவில்லை. அதில் ஒரே ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு. இந்தப் பருவத்தில் இருபத்து மூன்று நாள் அவள் வரவில்லை என்று பதிவேடு சொல்கிறது."

மூத்தவளின் பென்சில் ஓடியது. இருபத்து மூன்று நாளா? பெற்றவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? யாரோ ஒரு பொறுப்பில்லாத பொம்பளை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே எழுதினாள். எழுதும்போது மனம் தனியாகப் பேசும். பத்தொன்பது வருஷப் பழக்கம்.

"பன்னிரண்டாம் எண் பேருந்தில் ஏழே முக்கால் வண்டியைச் சிக்கனம் என்று நிறுத்திவிட்டார்கள். அதற்கு முந்தைய வண்டி ஆறு மணிக்கு. அதைத் தவறவிட்டால், அடுத்த வண்டி பள்ளி வாசலுக்கு வரும்போது எட்டு நாற்பது. எட்டரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். வீட்டில் கேட்க ஆள் இல்லை. அம்மா ஆறே முக்காலுக்கே வேலைக்குப் போய்விடுகிறவர். அப்பா கப்பலில்..."

பென்சில் நின்றது.

பன்னிரண்டாம் எண். ஆறே முக்கால். கப்பல்.

அதற்குப் பிறகு சின்னவளின் வாய் அசைவது தெரிந்தது. குரல் மட்டும் எங்கோ தூரத்தில் தண்ணீருக்கு அடியில் கேட்டது. மேஜைகள் படபடவென்று தட்டப்பட்டன. எதிர்க்கட்சிக்காரர்கள் தட்டினார்கள், ஆளும் தரப்பில் நாலைந்து பேரும் சேர்ந்து தட்டினார்கள். பின்வரிசைக்காரர்கூடக் கண் திறந்து எதற்கென்று தெரியாமல் தட்டினார். அந்தச் சத்தத்தில்தான் மூத்தவளுக்கு நினைவு வந்தது. குனிந்தாள். காகிதத்தில் வெள்ளை.

சின்னவள் அப்போதுதான் கீழே பார்த்தாள். இரண்டு பேர் கண்ணும் ஒரு நொடி முட்டிக்கொண்டன. பேசியவளுக்கு முகம் வெளுத்தது. எழுதுகிறவள் தலையைக் குனிந்து மிச்சத்தை எழுதினாள்.

குறிப்பாளர் அறையில் அவளுக்கு முன்பே புகழ் வந்து சேர்ந்திருந்தது.

"உங்க ஓரகத்தி அடிச்சாங்க பாருங்க! நாளைக்கு எல்லாப் பத்திரிகையிலும் அந்த ஒரு வரிதான்" என்றாள் பல்வலிக்காரி, பல்வலியை மறந்து.

எந்த வரி என்று கேட்க மூத்தவளுக்கு வாய் வரவில்லை. எழுதியவள் அவள்தானே? தட்டச்சு செய்தாள். 'அப்பா கப்பலில்' என்ற இடத்தில் விரல் நின்றது.

காது அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "எவ்வளவு விட்டுப்போச்சு?"

"இருபது விநாடி இருக்கும் சார்."

"எல்லாருக்கும் ஒருநாள் வரும். ஒலிப்பதிவை வாங்கி நிரப்பிடுங்க. இல்ல, நானே..."

"நானே செய்றேன் சார்."

கதவு திறந்தது. சின்னவள் வந்தாள். உறுப்பினர்கள் அந்த அறைக்கு வருவது புதிதல்ல. தங்கள் பேச்சைப் பார்க்க வருவார்கள், 'நானா இப்படிச் சொன்னேன்?' என்று ஆச்சரியப்படுவார்கள், எழுவாயையும் பயனிலையையும் சேர்த்துவைக்கச் சொல்வார்கள். இலக்கணத்தைத் திருத்தலாம். சொன்னதைச் சொல்லவில்லை என்று ஆக்கமுடியாது. ஆனால் எந்த எம்.பி.யும் இதுவரை இப்படி முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு வந்து நின்றதில்லை. பல்வலிக்காரிக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் தேநீர் குடிக்கத் தோன்றியது. வெளியே போனார்கள்.

"அக்கா, அந்த இடத்தை எடுத்துடுங்க."

"எந்த இடம்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அட்டவணையில பதினொன்றரைக்குத்தானே உங்க முறைன்னு இருந்துச்சு. நீங்க கீழே இருப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

"நான் இல்லேன்னா சொல்லலாமா? ஊருக்கெல்லாம் தெரியலாம், எனக்கு மட்டும் தெரியக்கூடாது. அதானே?"

"சாயங்காலம் மாடிக்கு வந்து சொல்லலாம்னுதான்க்கா..."

"எத்தனாவது சாயங்காலம்? இருபத்து மூணு சாயங்காலம் போயிருக்கு."

சின்னவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ஸ்கூல்லேருந்து போன் எனக்குத்தான் வரும். ஆறாம் வகுப்புல சேர்க்கறப்ப நீங்கதான் என் நம்பரைப் போட்டீங்க. சபைக்குள்ள போன் கொண்டுபோக முடியாது, நீ சும்மாதானே இருக்கே, எடுத்துப் பேசுன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. 'சும்மாதானே இருக்கே' என்பதில் அன்று கொஞ்சம் உப்பைத் தூவித்தான் சொன்னாள். அந்த உப்பு இன்று தன் வாய்க்கே திரும்பி வந்தது.

"கேட்டுக்கு வெளியே நிக்காம என் ஆபீசுக்கு வந்துடறேன்னா. மனுக்களைப் பிரிச்சு அடுக்குவா. தண்ணி ஒரு கட்டு, தெருவிளக்கு ஒரு கட்டு. பாடப் புத்தகமும் வெச்சுக்கிட்டுத்தான் உக்காருவா. பஸ்ஸுக்கு நான் மூணு கடிதம் போட்டுட்டேன். நாலாவது கடிதத்துக்குப் பதிலா இன்னிக்கு எழுந்து பேசினேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சத்தியம் வாங்கிட்டா."

"பெத்தவகிட்ட சொல்லக் கூடாதுன்னு ஒரு பிள்ளை சத்தியம் கேட்டா, நீ கொடுத்துடுவியா? அப்படி என்ன பயம் அவளுக்கு எங்கிட்ட?"

சின்னவள் தயங்கினாள். பேச்சாளிக்குத் தயக்கம் வந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"சொல்லு."

"'அம்மாகிட்ட சொன்னா நான் ஏன் போகலைன்னு கேக்க மாட்டாங்க. சித்திகிட்ட முதல்ல சொன்னியான்னுதான் கேப்பாங்க'ன்னா."

 மூத்தவளின் நுனி நாக்கில் அப்போது ஒரு கேள்வி தயாராக இருந்தது. உங்கிட்டதான் முதல்ல சொன்னாளா? அதை அப்படியே விழுங்கினாள். மருந்து மாத்திரை மாதிரி தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்கியது.

"எடுத்துடுங்கக்கா. அவ கிளாஸ்ல யாராவது படிச்சா கண்டுபிடிச்சுடுவாங்க. தட்டினாங்க, எனக்குத் தலைகால் புரியலை. இப்பதான் உறைக்குது."

இப்போது பாருங்கள் மூத்தவளின் நிலைமையை. எடுத்துவிட்டால் மகள் பிழைப்பாள். கூடவே சின்னவளின் பெருமையும் போகும், எல்லோரும் மேஜை தட்டிய அந்த ஒரு வரி அச்சில் இருக்காது. ஆகா, எவ்வளவு வசதி! மகளுக்காக எடுக்கிறோமா, ஓரகத்தி மேல் உள்ள எரிச்சலில் எடுக்கிறோமா? தன் மனதைத் தானே தோண்டிப் பார்த்தாள். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தன.

"சபையில சொன்னதை எடுக்க சபாநாயகர் ஒருத்தராலதான் முடியும். வேணும்னா அவர்கிட்ட எழுதிக் கொடு."

"அக்கா, நம்ம பாப்பாக்கா!"

"என் பாப்பா" என்றாள் மூத்தவள். "போ. அமைச்சர் பதில் சொல்லப்போறார். உன் இடம் காலியா இருந்தா நல்லா இருக்காது."

சின்னவள் போனபின் மூத்தவள் ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக்கொண்டாள். விட்டுப்போன இருபது விநாடி.

"...அப்பா கப்பலில். நேரம் தவறி வந்த அந்தப் பெண் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே வகுப்பில் அவள் பெயரைக் கூப்பிடுவது அவளுக்கே கேட்கிறது. 'வரவில்லை' என்று எழுதுகிறார்கள். அவள் வந்தாள், ஐயா. வந்தாள் என்று எழுதத்தான் யாருமில்லை."

பிறகு மேஜைகள் தட்டும் சத்தம்.

மறுபடி ஓட்டிக் கேட்டாள். மூன்றாவது முறையும் கேட்டாள். எத்தனையோ பெரிய பேச்சுக்காரர்களை எழுதிய கை. இப்படி ஒரு வரி தனக்கு வராது என்று அவளுக்குத் தெரிந்தது. அதைவிட, கேட்டைப் பிடித்துக்கொண்டு தன் பெயரைக் கேட்டது எப்படி இருந்தது என்று பாப்பா இவளிடம் சொல்லவில்லை, சின்னவளிடம் சொல்லியிருக்கிறாள். காதில் புகை வரும் என்பார்களே, அன்று அவளுக்கு ஹெட்போனின் பஞ்சே கருகியிருக்கவேண்டும்.

ஒரு எழுத்துக்கூடக் குறைக்காமல் தட்டச்சு செய்தாள். 'அவள் வந்தாள்' என்ற இடத்தில் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவேண்டியிருந்தது. கொண்டுபோய்க் காதின் மேஜையில் வைத்துவிட்டு, அரை நாள் விடுப்பு கேட்டாள்.

"பல்வலியா?" என்றார் காது.

"ஆமாம் சார்."

அவர் எதையும் கேட்காதவர் போலக் கையெழுத்துப் போட்டார்.

இன்றைக்கே பள்ளிக்கூடம் போய், அவளுடைய அம்மா யாரென்று அவர்களுக்குக் காட்டிவிட்டு வருவது. இதுதான் மூத்தவளின் தீர்மானம். பன்னிரண்டாம் எண்ணுக்கு நாற்பது நிமிடம் காத்திருந்தாள். வந்த வண்டியில் ஒற்றைக் காலில் நின்று போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. நீலக் கேட். பூட்டு பெரிதாகத்தான் இருந்தது. காவலாளி உள்ளே விட்டான்.

ஐந்து வருஷத்தில் அந்தப் பள்ளிக்குள் அவள் வைத்த முதல் அடி அது. சேர்க்கைப் படிவத்தை வீட்டில் உட்கார்ந்து நிரப்பினாள், கொண்டுபோய்க் கொடுத்தது சின்னவள். பெற்றோர் கூட்டமெல்லாம் அவை நடக்கிற நாளில்தான் வரும். அதற்கும் சின்னவள். 'சும்மாதானே இருக்கே.'

அலுவலக அறையில் எழுத்தர் ஒருவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சுவரோரம் சின்ன டி.வி. சத்தமில்லாமல் ஓடியது. அதில் சின்னவள் வாயசைத்துக்கொண்டிருந்தாள்.

"பத்தாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தியோட வருகை பத்திப் பேசணும்" என்று மூத்தவள் பெயரையும் பிரிவையும் சொன்னாள்.

எழுத்தர் முகம் மலர்ந்தது. "அட, எம்.பி. அம்மா வீட்டுலேருந்தா? உக்காருங்க உக்காருங்க. இப்பத்தான் பார்த்தேன். என்ன பேச்சு! தன் பொண்ணு கதையைத்தான் சொல்றாங்கன்னு எனக்கு மட்டும்தான் புரிஞ்சது. அப்பா கப்பல், அம்மாவுக்கு விடிகாலை வேலைன்னு ஆளை மாத்திச் சொல்லிட்டாங்க. பெருந்தன்மை."

"தன் பொண்ணு?"

"பின்ன? அஞ்சு வருஷமா அவங்கதானே வர்றாங்க. எம்.பி. பொண்ணு படிக்கிற ஸ்கூல்னு எங்களுக்கும் ஒரு கௌரவம். பாருங்க, எல்லா விடுப்புக் கடிதமும் ஒழுங்கா இருக்கு. மாசத்துக்கு ஒண்ணு, நாள் எல்லாம் போட்டு. இருபத்து மூணு நாளுக்கும் கணக்கு சரி."

பியூனை அனுப்பிப் பாப்பாவைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, ஒரு கோப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார்.

நான்கு கடிதங்கள். 'என் மகளுக்கு உடல்நிலை சரியில்லாததால்...' என்று ஆரம்பித்து, 'இப்படிக்கு, தாய்' என்று முடிந்தன. அடியில் கையெழுத்து. ஒரு காலத்தில் மளிகைச் சீட்டுகளிலும் இப்போது திறப்புவிழாக் கல்வெட்டுகளிலும் மூத்தவள் பார்த்துச் சலித்த அதே சுழி.

முதலில் வந்தது வலி இல்லை. சந்தோஷம். வெட்கமில்லாத சந்தோஷம். மாட்டினாள்! சட்டம் செய்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, பெறாத பிள்ளைக்குத் தாய் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒரே ஒரு வார்த்தை போதும். 'நான்தான் அம்மா.' இந்த மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாளைக் காலைப் பத்திரிகையில் வேறு வரி வரும்.

வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

"கூப்பிட்டீங்களா சார்?"

பாப்பா வாசலில் நின்றாள். பையைத் தோளில் மாட்டியிருந்தாள். அம்மாவைப் பார்த்தாள். மேஜையில் திறந்து கிடந்த கோப்பைப் பார்த்தாள். ஒரே விநாடியில் அந்தப் பெண்ணின் முகம் வெளிறியதை மூத்தவள் கண்ணால் கண்டாள்.

"வாம்மா. வீட்டுலேருந்து வந்திருக்காங்க. யாரும்மா இவங்க?" என்றார் எழுத்தர்.

பாப்பா அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"எங்க பெரியம்மா சார்."

டி.வி.யில் சின்னவள் இரண்டு கையையும் விரித்தாள்.

என்ன லாவகமாகச் சொல்லிவிட்டாள்! யோசிக்கக்கூட இல்லை. சித்தியைக் காப்பாற்ற, பெற்றவளை ஒரு படி தள்ளி நிறுத்திவிட்டாள். இதே நாள் இதே அறையில் மாட்டிக்கொண்டு நிற்பது நானாக இருந்தால், எனக்காக இப்படி ஒரு பொய் இவள் வாயில் வருமா? மூத்தவளின் நெஞ்சில் அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்தது. தைத்த இடத்திலேயே இன்னொன்றும் தெரிந்தது. பாப்பாவின் விரல்கள் பையின் வாரைப் பிடித்திருந்த பிடி. முட்டியெல்லாம் வெள்ளை. அந்தக் காலைகளில் கேட்டுக்கு வெளியே நின்றபோதும் இப்படித்தான் கம்பியைப் பிடித்திருப்பாள்.

"இன்னும் அரை மணி நேரந்தான் இருக்கு, வேணும்னா கூட்டிட்டுப் போங்க. இதுல மட்டும் போட்டுடுங்க" என்று எழுத்தர் ஒரு பதிவேட்டை நகர்த்தினார். மாணவி பெயர். அழைத்துச் செல்பவர். நேரம். உறவு.

மூத்தவள் பேனாவை எடுத்தாள். பெயர் எழுதினாள். நேரம் எழுதினாள். நாலாவது கட்டத்தில் பேனா நின்றது. அன்று அவள் கை நிற்பது இது மூன்றாவது தடவை. எழுத்தர் கொட்டாவி விட்டார். பாப்பா மூச்சே விடவில்லை.

'பெரியம்மா' என்று எழுதினாள். எழுத்து அழகாகத்தான் வந்தது.

"நல்லது" என்று எழுத்தர் முத்திரை குத்தினார். "அப்புறம், எம்.பி. அம்மாகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. அவங்க பேச்சுக்கு அமைச்சர் பதில் சொன்னார் இல்லையா, அந்த பஸ் போற வழியில இருக்கிற எல்லா ஸ்கூலுக்கும் உடனே ஆள் அனுப்பறோம்னு? எங்களுக்கு போன் வந்தாச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு வர்றாங்க. இருபது நாளுக்கு மேல வராத பிள்ளைங்களோட அம்மாவோ அப்பாவோ நேர்ல வரணும். அடையாள அட்டையை வாங்கி, சேர்க்கைப் படிவத்தோட வெச்சுப் பார்ப்பாங்களாம். எம்.பி. அம்மாவுக்கு இதெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்தான்."

படிவத்தில் தாய் என்ற இடத்தில் இருப்பது மூத்தவளின் பெயர். கோப்பில் தாய் என்ற இடத்தில் இருப்பது சின்னவளின் கையெழுத்து. இந்த இரண்டு காகிதமும் ஐந்து வருஷமாக ஒரே பீரோவில் தனித்தனித் தட்டில் இருந்திருக்கின்றன. நாளை ஒரே மேஜைக்கு வரப்போகின்றன.

"சொல்றேன்" என்றாள் மூத்தவள்.

வராந்தாவில் இறங்கியதும் பாப்பா அவள் கையைப் பிடிக்க வந்தாள். "அம்..."

"பெரியம்மான்னு சொல்லு. கேட் தாண்டுற வரைக்கும் அதான் நான்."

பாப்பா கையை எடுத்துக்கொண்டாள். இருவரும் மைதானத்தைக் கடந்து நடந்தார்கள். காவலாளி கதவைத் திறந்துவிட்டான். தெரு. எதிரே பேருந்து நிறுத்தம். கேட்டைத் தாண்டிப் பத்தடி வந்தாயிற்று, இருபதடி வந்தாயிற்று. மூத்தவள் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக.

"இதெல்லாம் சித்தி தப்பு இல்ல" என்றாள் பாப்பா. குரல் உடைந்திருந்தது. "நான்தான் கையெழுத்துப் போடச் சொன்னேன். முடியாதுன்னாங்க. அழுதுதான் போட வெச்சேன்."

"ம்."

"நாளைக்கு யாரு வரப்போறீங்க? அவங்க வந்தா அவங்க மாட்டிக்குவாங்க. நீங்க வந்தாலும் அவங்கதான் மாட்டிக்குவாங்க."

மூத்தவள் நின்றாள். மகளின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். இந்தக் கண்ணில் இவ்வளவு பயம் என் பொருட்டு ஒருநாளாவது வந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள்.

"பெரியம்மான்னு எழுதிட்டு நாளைக்கு நான் வந்தா, நான் என்ன ஆவேன்னு கேக்கத் தோணலையாடி உனக்கு?"

 பாப்பாவின் பையிலிருந்த கைப்பேசி அடித்தது. திரையில் 'சித்தி' என்று இருந்தது. பாப்பா அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு எடுத்துக் காதில் வைக்காமல், கைப்பேசியை அப்படியே மூத்தவளிடம் நீட்டினாள்.

மூத்தவள் வாங்கிக்கொண்டாள். மறுமுனையில் மூச்சிரைத்தது.

"பாப்பா? அமைச்சர் ஆள் அனுப்பறாராம். அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடு. கடிதத்தைப் பத்தியும் சொல்லிடு. நாளைக்கு நான் பதவியை விட்டுடறேன்னு..."

"நான்தான் பேசறேன்" என்றாள் மூத்தவள்.